குடிமையின்றி வாக்கு: பிரெஞ்சிந்திய வாக்குரிமை வரலாறு குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

பிரெஞ்சிந்தியப் பகுதிகளில் வாழ்ந்தோர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பிரான்சின் நாடாளுமன்றத்துக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்றிருந்தனர் என்பது புதுச்சேரி வரலாற்றெழுத்தில் பெருமையோடு கூறப்படும் செய்தி. அவ்வுரிமை குடிமையிலிருந்து பிரித்து வழங்கப்பட்டது என்பதையும், அப்பிரிப்பு குடியேற்ற நிருவாகத்துக்கும் சாதியமைப்புக்கும் ஒருங்கே உதவியது என்பதையும், அதன் விளைவு 1954ஆம் ஆண்டின் கீழூர் வாக்கெடுப்புவரை நீண்டது என்பதையும் இக்கட்டுரை வாதிடுகிறது. போர்ட்டோ ரீக்கோ, செனகல், நியூ கலிடோனியா ஆகியவை ஒப்பீட்டுக்காக எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: பிரெஞ்சிந்தியா, வாக்குரிமை, குடிமை, ரெனோன்சான், வாக்காளர் பட்டியல், கீழூர்

முன்மாதிரி என்னும் புகழ்

1871இல் கடலூரில் வாழ்ந்த உழவர் ஒருவருக்குச் சென்னைச் சட்டமன்றத்துக்கு வாக்களிக்கும் உரிமை இல்லை. அன்று அம்மன்றத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் எவரும் இல்லை. கடலூரிலிருந்து சில மணிநேர நடையில் உள்ள பாகூரில் வாழ்ந்த உழவரோ பாரிசின் தேசியப் பேரவைக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்க வாக்களிக்கலாம். இவ்விரு ஊர்களையும் அருகருகே வைத்துப் பார்க்கும் எவருக்கும் பிரெஞ்சு ஆட்சியின் பெருந்தன்மை வியப்பளிக்கும். புதுச்சேரி வரலாற்றை எழுதியோர் பலர் இவ்வியப்பிலிருந்தே தொடங்குகின்றனர். சிலர் அதிலேயே முடித்தும் விடுகின்றனர்.

வியப்புக்குச் சான்றுகள் இல்லாமல் இல்லை. 1848 புரட்சியை அடுத்து அமைந்த இடைக்கால அரசு, குடியேற்ற நாடுகளுக்கும் ஆண்களுக்கான பொதுவாக்குரிமையை விரித்தது. இரண்டாம் பேரரசு 1852இல் அதைப் பறித்தது. 1871இல் பிரெஞ்சிந்தியாவுக்கு மீண்டும் ஓர் உறுப்பினர் இடம் கிட்டியது. 1875ஆம் ஆண்டின் அரசமைப்புச் சட்டங்கள் மேலவையிலும் ஓரிடம் தந்தன. மேலவையில் இடம்பெற்ற குடியேற்ற நாடுகள் நான்கே: மர்த்தினிக், குவாதலூப், ரெயூனியன், பிரெஞ்சிந்தியா. முதல் மூன்றும் அடிமை முறையிலிருந்து விடுபட்ட தோட்டத் தீவுகள். பிரெஞ்சுக் குடிமைச் சட்டமே அங்கு எல்லாருக்கும் உரியது. நான்காவதில் நிலை வேறு. அவ்வேறுபாட்டை ஒதுக்கிவிட்டு நான்கையும் ஒரே வரிசையில் வைத்து எண்ணுவதே இவ்வரலாற்றெழுத்தின் முதற்குறை.

குடிமை வேறு, வாக்கு வேறு

1819ஆம் ஆண்டு சனவரி 6ஆம் நாளிட்ட ஒழுங்குவிதி, இந்தியர் தத்தம் சாதிச் சட்டங்களாலும் வழக்கங்களாலும் நீதி பெறுவர் என உறுதியளித்தது. மணம், மரபுரிமை, மகவேற்பு ஆகியவற்றில் பிரெஞ்சுக் குடிமைச் சட்டத் தொகுப்பு அவர்களைத் தொடாது. 1848 ஏப்ரல் 27ஆம் நாளிட்ட தேர்தல் அறிவுறுத்தம் இந்நிலையில் கைவைக்காமலே வாக்கை வழங்கியது. செனகல், பிரெஞ்சிந்தியா ஆகிய பகுதிகளின் மண்ணின் மக்கள் ஐந்தாண்டுக்கு மேல் அங்கு வாழ்ந்ததை மெய்ப்பித்தால் போதும். குடிமை பெற்றதற்கான சான்று எதுவும் காட்ட வேண்டியதில்லை.

இவ்விலக்கை ஆய்வாளர் பலர் சலுகையாகப் படிக்கின்றனர். அல்ஜீரியாவை நோக்க அது சலுகைதான். 1865ஆம் ஆண்டின் மேலவை ஆணைப்படி அல்ஜீரிய முஸ்லிம் ஒருவர் தம் தனியாள் சட்டத்தை விட்டுவிட்டே பிரெஞ்சுக் குடிமையை அடைய முடியும். புதுச்சேரி இந்துவுக்கோ முஸ்லிமுக்கோ அத்தகைய நிபந்தனை இல்லை. ஆயினும் அறிவுறுத்தத்தின் வாசகம் வாக்காளரைக் குடிமகன் என்று கூறவில்லை என்பதைக் கருத வேண்டும். அது அவரை ஓரிடத்தில் வாழ்பவராக மட்டுமே காண்கிறது. வாழிடத்தால் வந்த வாக்கு, வாழிடத்தின் நிலை மாறும்போது தானும் மாறும். பின்னாளில் நிகழ்ந்தவை பலவற்றுக்கும் இவ்வடிப்படையே காரணம் என்பது என் துணிபு.

இவ்வமைப்பு யாருக்கு வாய்ப்பாக இருந்தது? நிருவாகத்துக்கு என்று மட்டும் விடையளிப்பது போதாது. தனியாள் சட்டம் என்பது பிரெஞ்சிந்தியாவில் சாதி வழக்கமே. அதை அப்படியே காத்துக்கொண்டு அரசியல் உரிமையையும் பெறுவது ஆதிக்க சாதியினருக்கு இரட்டை ஆதாயம். ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த வாக்காளரும் வாக்குப்பெட்டி முன் ஒரு வாக்குக்கு உரியவரே. பெட்டியை விட்டு நகர்ந்ததும் அவரை ஆள்வது பழைய வழக்கம்.

இதனை முதலில் உணர்ந்தோர் தனியாள் சட்டத்தைத் துறந்தோர், அதாவது ரெனோன்சான்கள். 1873இல் வழக்கறிஞர் பொன்னுத்தம்பி பிள்ளை ஐரோப்பிய முறையில் காலணி அணிந்து நீதிமன்றம் புகுந்ததற்காகத் தண்டிக்கப்பட்டார். பாரிசின் உச்ச மேல்முறையீட்டு மன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. வாக்குரிமை மீண்டு இரண்டாண்டு ஆன பிறகும் வாக்காளர் ஒருவர் எந்தக் காலணியோடு நீதிமன்றம் புகலாம் என்பது வழக்குக்குரிய பொருளாக இருந்தது என்பதே இங்குக் கவனிக்கத்தக்கது. 1881 செப்டம்பர் 21ஆம் நாளிட்ட ஆணை, விரும்புவோர் தனியாள் சட்டத்தைத் துறந்து குடிமைச் சட்டத்துக்குள் வரலாம் என்றது. துறந்தோர் புதிய குடும்பப் பெயர் ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும். பொன்னுத்தம்பி தேர்ந்த பெயர் லபோர்த். வாயில் என்பது அதன் பொருள். அவ்வாயில் வழியே சென்றோரில் ஒடுக்கப்பட்ட சாதியினரும் கிறித்தவரும் மிகுதி. ஏற்கெனவே வாக்கு உடையவர்கள் குடிமையைத் தேடி ஏன் சென்றனர் என்ற வினாவை 'பெருந்தன்மை' வாதம் எழுப்புவதே இல்லை.

அவர்கள் தேடியது கிட்டவில்லை. உள்ளூர் மன்றங்களுக்கான தேர்தலில் ஐரோப்பியருக்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் ஒரு பட்டியல், இந்தியருக்கு ஒரு பட்டியல் என்பது முந்தைய ஏற்பாடு. துறந்தோர் சட்டத்தின் முன் பிரெஞ்சுக்காரர் எனில் முதற்பட்டியலில் அல்லவா இடம்பெற வேண்டும்? 1884இல் நிருவாகம் அளித்த விடை மூன்றாவது பட்டியல். ஐரோப்பியர் முதலாவதில், துறந்தோர் இரண்டாவதில், துறவாதோர் மூன்றாவதில் என வகுக்கப்பட்டனர். சில நூறு பேர் கொண்ட முதற்பட்டியலுக்கும் பல்லாயிரவர் கொண்ட இறுதிப் பட்டியலுக்கும் ஒதுக்கப்பட்ட இடங்கள் தலையெண்ணிக்கைக்கு எவ்வகையிலும் பொருந்தவில்லை. 1899இல் பட்டியல்கள் மீண்டும் இரண்டாகச் சுருங்கின. இரண்டாம் உலகப்போர்க் காலம்வரை இம்முறை ஏதேனும் ஒரு வடிவில் நீடித்தது.

துறவாதோர் பட்டியலின் வலிமையில் எழுந்தவர் சண்முக வேலாயுத முதலியார். 1880களிலிருந்து இருபதாண்டுக்கு மேல் புதுச்சேரி அரசியல் அவர் கைக்குள் இருந்தது. அவரைக் குடியேற்ற ஆட்சியின் ஒருமைப்படுத்தலை எதிர்த்த முதல் தமிழ்த் தலைவர் எனப் போற்றும் மரபு ஒன்றுண்டு. அவர் எதிர்த்தது உண்மை. எதனைக் காக்க எதிர்த்தார் என்பதையும் சேர்த்துக் கேட்டால் போற்றுதலின் சுருதி சற்றுக் குறையும். சாதி வழக்கத்தைக் காக்கும் இந்து முதன்மையரும், ஐரோப்பியரின் தனியிடத்தைக் காக்கும் நிருவாகமும் துறந்தோரை இடையில் நிறுத்துவதில் ஒத்த நலன் உடையவராயினர்.

யாருடைய இருக்கை

நாடாளுமன்ற இருக்கைக்கு வருவோம். மூன்றாம் குடியரசின் காலம் முழுவதும் பிரெஞ்சிந்தியாவின் பெயரால் தேசியப் பேரவையில் அமர்ந்தோருள் தமிழர் ஒருவரும் இல்லை. ரிஷ்மோன், கொதேன், பியேர் அலிப், லெமேர், புளுய்சென் எனப் பெயர்கள் வரிசையாக வருகின்றன. இவர்களுள் லெமேர் இங்கு ஆளுநராக இருந்தவர். வேட்பாளர் இம்மண்ணில் வாழ்பவராக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 1910இல் தேர்தல் பணிக்காகப் புதுச்சேரி வந்து அரவிந்தரைச் சந்தித்த போல் ரிஷார், 1914இல் தாமே வேட்பாளராக நின்று தோற்றார். ஆன்மிக வரலாற்றில் பெரிதும் பேசப்படும் அச்சந்திப்புக்கு வழிவகுத்தது ஒரு தேர்தல் என்பது பலரும் கடந்துசெல்லும் செய்தி.

தேர்தல்களின் வன்முறையும் ஆள்மாறாட்டமும் பிரெஞ்சு நாடாளுமன்றத்திலேயே பலமுறை பேசப்பட்டவை. அவற்றை மக்களின் அரசியல் முதிர்ச்சியின்மைக்குச் சான்றாகக் காட்டுவது குடியேற்ற அலுவலரின் வழக்கம். அவ்வழக்கத்தை நம் ஆய்வுகள் சிலவும் அறியாமல் சுமக்கின்றன. நகராட்சியும் வாக்காளர் பட்டியலும் ஒரே கையில் இருக்க, வெற்றி பெறுபவர் எவராயினும் பாரிசில் வாழ்பவராக இருக்கும்போது, வாக்கு உள்ளூர்த் தலைவர்களின் கைப்பொருளாகச் சுருங்குவதில் வியப்பில்லை. வாக்காளர் தாம் பெற்றதன் மதிப்பைச் சரியாகவே கணித்தனர் என்று கொள்வதற்கும் இடமுண்டு.

செனகலின் நான்கு நகராட்சிகளோடு ஒப்பிட்டால் இது மேலும் தெளிவாகும். அங்கும் 1848இன் அதே அறிவுறுத்தம். அங்கும் குடிமையற்ற வாக்கு. 1914இல் அந்நகராட்சிகள் பிலேஸ் தியாஞ்ஞ் என்னும் ஆப்பிரிக்கரைப் பேரவைக்கு அனுப்பின. போர்க்காலப் படைச்சேவையை முன்வைத்து அவர் 1916 செப்டம்பர் 29ஆம் நாளிட்ட சட்டத்தைப் பெற்றுத்தந்தார். அந்நகராட்சிகளின் மண்ணின் மக்களும் அவர்தம் வழித்தோன்றல்களும், தம் தனியாள் சட்டத்தோடே, பிரெஞ்சுக் குடிமக்கள் என அச்சட்டம் அறிவித்தது. புதுச்சேரிக்கு அத்தகைய சட்டம் எதுவும் வரவில்லை. அதைக் கேட்கக்கூடிய உறுப்பினரை அது அனுப்பவும் இல்லை.

மறுதலை: குடிமை உண்டு, வாக்கு இல்லை

பிரெஞ்சிந்திய ஏற்பாட்டின் நேர் மறுதலை இன்றும் நடைமுறையில் உள்ளது. 1898இல் அமெரிக்க ஐக்கிய நாட்டின் கைக்கு வந்த போர்ட்டோ ரீக்கோவின் மக்கள் 1917ஆம் ஆண்டின் ஜோன்ஸ் சட்டத்தால் அந்நாட்டுக் குடிமக்களாயினர். 2020 கணக்கெடுப்பில் அங்கு வாழ்ந்தோர் ஏறத்தாழ 32.8 இலட்சம். குடியரசுத் தலைவர் தேர்தலில் அவர்களுக்கு வாக்கில்லை. கீழவையில் அமரும் அவர்தம் பேராளர் குழுக்களில் வாக்களிக்கலாம்; ஒரு சட்டமுன்வரைவின் மீது அவை இறுதி வாக்கெடுப்பு நடத்தும்போது அவருக்கு வாக்கில்லை.

நீதிமன்றங்கள் இதற்குக் கூறும் காரணம் எளியது: அரசமைப்பின்படி தலைவரைத் தேர்ந்தெடுக்கும் வாக்காளர் குழுவை அமைப்பவை மாநிலங்கள், போர்ட்டோ ரீக்கோ மாநிலமன்று. இக்காரணத்தின் உறுதியை 1986ஆம் ஆண்டின் கடல்கடந்தோர் வாக்களிப்புச் சட்டம் குலைக்கிறது. நியூயார்க்கில் வாழ்ந்த ஒருவர் பாரிசுக்கோ புதுச்சேரிக்கோ குடிபெயர்ந்தால் தம் பழைய மாநிலத்தின் வாக்காளராக அவர் தொடரலாம். அவரே போர்ட்டோ ரீக்கோவுக்கோ குவாமுக்கோ குடிபெயர்ந்தால் அச்சட்டம் அவருக்குக் கைகொடுக்காது. அயல்நாட்டுக்குச் சென்றவரைப் பின்தொடரும் வாக்கு, சொந்த நாட்டின் கொடி பறக்கும் தீவுக்குச் சென்றவரைக் கைவிடுகிறது. மாறாக, போர்ட்டோ ரீக்கோவில் பிறந்தவர் ஃபுளோரிடாவில் குடியேறிப் பதிவுசெய்துகொண்டால் முழு வாக்காளராகிறார். மாநிலமல்லாத தலைநகர் வாசிங்டனுக்கு 1961இல் ஓர் அரசமைப்புத் திருத்தத்தால் குடியரசுத் தலைவர் தேர்தல் வாக்கு வழங்கப்பட்டதையும் நோக்க, தடையாக நிற்பது அரசமைப்பின் வாசகம் மட்டுமன்று என்பது விளங்கும்.

புதுச்சேரி வாக்காளரும் போர்ட்டோ ரீக்கோக் குடிமகனும் வெவ்வேறு துருவங்கள் போலத் தோன்றுகின்றனர். ஒருவரிடம் வாக்கு உண்டு, குடிமை இல்லை. மற்றவரிடம் குடிமை உண்டு, வாக்கு இல்லை. இரண்டிலும் ஆளும் நாடு செய்தது ஒரே செயலே: ஒன்றாக இருக்க வேண்டிய இரண்டைப் பிரித்து, ஒன்றை வழங்கி, மற்றொன்றைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. எனவே எந்த ஆண்டில் வாக்கு வந்தது என்பதைக் கொண்டு ஒரு பேரரசை மற்றொன்றினும் மேலானது எனத் தரவரிசைப்படுத்துவது பொருளற்ற முயற்சியாகிறது.

1946 முதல் 1954 வரை

1946 மே 7ஆம் நாளிட்ட லமீன் கெயே சட்டம் கடல்கடந்த ஆட்சிப்பகுதிகளின் மக்கள் அனைவரையும் குடிமக்கள் என்றது. பட்டியல்கள் அதற்குள் மறைந்துவிட்டன. நாற்பத்து நான்கு உறுப்பினர் கொண்ட சார்பாளர் மன்றம் அமைந்தது. தெய்வ சீவரத்தினம், லம்பேர் சரவணன், எதுவார் குபேர் என உள்ளூர் மக்களே பாரிசு சென்றனர். வாக்கும் குடிமையும் ஓரிடத்தில் சேர்ந்த காலம் இதுவே. எட்டாண்டு நீடித்தது.

அவ்வெட்டாண்டின் முதன்மை வினா, இம்மண் எந்நாட்டுக்கு உரியது என்பது. 1946ஆம் ஆண்டின் பிரெஞ்சு அரசமைப்பு, 27ஆம் உறுப்பில், தொடர்புடைய மக்களின் இசைவின்றி எந்நிலப்பகுதியையும் விட்டுக்கொடுத்தல் செல்லாது என்றது. 1948 ஜூனில் இரு அரசுகளும் பொதுவாக்கெடுப்புக்கு உடன்பட்டன. சந்திரநாகூரில் 1949 ஜூன் 19 அன்று அது நடந்தது. இணைப்புக்கு 7,473 வாக்கு, எதிராக 114. தெற்கே புதுச்சேரி, காரைக்கால், மாகி, ஏனாம் ஆகியவற்றில் நடக்கவேயில்லை. தேர்தல் வன்முறை, வாக்காளர் பட்டியலின் நம்பகத்தன்மை முதலிய சச்சரவுகளில் அது தேங்கியது. 1952இல் இந்திய அரசு வாக்கெடுப்பு யோசனையையே விடுத்து நேரடி ஒப்படைப்பைக் கோரியது. இறுதியில் 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் சார்பாளர் மன்றத்தினரும் நகராட்சி உறுப்பினரும் கூடி வாக்களித்தனர். வாக்களித்தோர் 178 பேர்; 170 பேர் இணைப்பை ஆதரித்தனர், எண்மர் எதிர்த்தனர். நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியது.

இணைப்பைப் பெரும்பான்மையோர் விரும்பினர் என்பதை ஐயுற எனக்குக் காரணம் ஏதும் இல்லை. சந்திரநாகூரின் எண்களும் விடுதலை இயக்கத்தின் வீச்சும் அதற்குச் சான்று. கீழூரில் கூடியவர்களின் நாட்டுப்பற்றும் இங்கு வினாவுக்குரியதன்று. ஆனால் 'விடை எல்லாரும் அறிந்ததே, ஆகவே கேட்க வேண்டியதில்லை' என்னும் வாதத்தை வாக்குரிமை வரலாற்று ஆய்வாளர் அப்படியே ஏற்க இயலாது. பட்டியல் முறையின் அடியில் இருந்ததும் அதே வாதம்: இவர்கள் சார்பில் பேச வேறு சிலர் உள்ளனர், இவர்களைத் தலைதலையாய் எண்ணத் தேவையில்லை. பாரிசின் எண்ணற்ற உறுப்பினர் நடுவே எவரோ ஒருவர் அமர்வதற்கு எழுபதாண்டு வாக்களித்த பாகூர்க்காரர், தம் ஊர் எந்நாட்டைச் சேரும் என்ற வினாவில் வாக்களிக்கவில்லை. வங்காளத்தின் பிரெஞ்சு நகரத்தாரிடம் கேட்கத் தக்கதாயிருந்தது தமிழ்ப்பகுதியில் கேட்கத் தேவையற்றதாயிற்று. நமது வரலாற்று நூல்கள் 178 என்னும் எண்ணை விடுதலையின் வெற்றிக்கணக்காக மட்டுமே பதிவுசெய்கின்றன.

1956 மே 28 அன்று கையெழுத்தாகி 1962 ஆகஸ்டு 16 அன்று நடைமுறைக்கு வந்த ஒப்படைப்பு உடன்படிக்கை, குடிமையை இன்னொரு முறை பிரித்தது. இங்குப் பிறந்து இங்கேயே வாழ்ந்தோர் தாமாகவே இந்தியக் குடிகளாவர். பிரெஞ்சுக் குடிமையை வைத்துக்கொள்ள விரும்பினால் ஆறு மாதத்துக்குள் எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். இம்முறை வினா ஒவ்வொருவரிடமும் தனித்தனியே கேட்கப்பட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பட்டியல் எப்போதும் தீங்கானதா

மேற்கண்ட வாதத்துக்கு ஒரு மறுப்பு எழக்கூடும். வாக்காளரைப் பிரித்தெண்ணுவது தவறு எனில் நியூ கலிடோனியாவில் இன்று கனக் மக்கள் வேண்டுவதும் அதுவேயன்றோ? 1998ஆம் ஆண்டின் நூமேயா உடன்பாட்டின் வழியே, மாகாணத் தேர்தலிலும் விடுதலை குறித்த வாக்கெடுப்புகளிலும் பின்னர் வந்து குடியேறிய பிரெஞ்சுக் குடிமக்களுக்கு வாக்கு மறுக்கப்பட்டது. 2018இல் 56.7 விழுக்காட்டினரும் 2020இல் 53.3 விழுக்காட்டினரும் விடுதலை வேண்டாம் என்றனர். கனக் கட்சிகள் புறக்கணித்த 2021ஆம் ஆண்டு வாக்கெடுப்பில் 'வேண்டாம்' 96.5 விழுக்காடு, வாக்களித்தோர் பாதிக்கும் குறைவு. 2024 மே மாதத்தில் மாகாணத் தேர்தலுக்கான பட்டியலை விரிவாக்கும் திருத்தம் பாரிசில் நிறைவேற்றப்பட்டபோது தீவு பற்றியெரிந்தது. திருத்தம் பின்னர் கைவிடப்பட்டது.

குடிமக்கள் அனைவருக்கும் வாக்கு என்னும் கொள்கையை அங்கு முன்வைப்பது நிருவாகம். பட்டியலைக் காக்க நிற்பது மண்ணின் மக்கள். 1884இன் பட்டியல் சிலரின் குரலைப் பலரின் குரலுக்கு மேலாக உயர்த்தியது. நூமேயாவின் பட்டியல், குடியேற்றத்தால் சொந்த மண்ணிலேயே சிறுபான்மையாக்கப்பட்டவரின் குரல் கரையாமல் காக்க முயல்கிறது. வடிவத்தால் ஒன்றாயினும் இரண்டையும் ஒரே அளவுகோலால் அளக்க முடியாது. வருகிற தலைமுறையில் அங்கே பிறந்து வளரும் குடியேறிகளின் பிள்ளைகளை என்ன செய்வது என்ற வினா நியாயமானதே. அதற்கு என்னிடம் முழு விடை இல்லை. எனினும் அவ்விடையைப் பாரிசு தனித்து எழுத முற்பட்டதே 2024இன் தவறு என்பதில் தயக்கமில்லை.

புதுச்சேரியில் ஆறு மாத அவகாசத்துக்குள் பிரெஞ்சுக் குடிமையைத் தெரிந்துகொண்டோரின் வழியினர் இன்றும் வாழ்கின்றனர். படைப்பணி ஓய்வூதியத்தை ஒட்டி ஊரார் அவர்களைச் சொல்தா குடும்பம் என்பர். 2012 முதல் அயல்நாடு வாழ் பிரெஞ்சுக் குடிமக்களுக்குத் தேசியப் பேரவையில் பதினோரு தொகுதிகள் உள்ளன. இந்தியா பதினோராவது தொகுதியில் அடங்கும். கிழக்கு ஐரோப்பா, ஆசியா, ஓசியானியா என அது விரிகிறது. 1871இன் வாக்காளர் வாழிடத்தால் வாக்குப் பெற்றார், குடிமையால் அன்று. இவர்கள் பெறுவது குடிமையால், வாழிடத்தால் அன்று. ரெனோன்சான் பதிவேடுகளையும் மூன்றாம் பட்டியலின் பெயர்களையும் ஊர்வாரியாக, சாதிவாரியாக எதிரெதிர் வைத்துப் படிக்கும் ஆய்வு ஒன்று வருமாயின், முதல் நிலையிலிருந்து இரண்டாம் நிலைக்கு வந்து சேர்ந்தவர் யார், வழியில் விடப்பட்டவர் யார் என்பதை ஊகமின்றிச் சொல்ல இயலும்.